அத்தியாயம் 6: மெழுகில் ஈறு எழுப்புவது

பல் அடுக்கக் கை பழகிவிட்டது. கடியும் சரியாக உட்காருகிறது. ஆனாலும் நீங்கள் செய்த செட்டை நாலடி தள்ளி வைத்துப் பார்த்தாலே "இது பல்செட்" என்று காட்டிக்கொடுக்கிறதா? குறை பெரும்பாலும் பல்லில் இருக்காது. பல்லைச் சுற்றி இருக்கும் ரோஸ் நிறத்தில் இருக்கும்.

நான் தொழில் கற்றது இரண்டு அறை கொண்ட ஒரு சின்ன லேபில். நான் முழுதாகச் செய்த முதல் வாக்ஸ்-அப்பை அங்கிருந்த மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈறு எங்கடா? மைதா மாவுல பல்லைக் குத்தி வெச்சிருக்க" என்றார். பிறகு விரலால் தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாத்து செய். எவனோ செஞ்ச செட்டைப் பாத்து செய்யாத."

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பேச்சின் விரிவுதான். ட்ரையல் முடிந்து, டாக்டரும் நோயாளியும் பல் வரிசைக்குச் சம்மதம் சொல்லி, கேஸ் திரும்ப உங்கள் மேசைக்கு வந்த நிமிடத்திலிருந்து ஃபிளாஸ்கில் வைக்கும் நிமிடம் வரை செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

வாக்ஸ் நைஃப் பெரிதும் சிறிதுமாக இரண்டு. லெக்ரான் கார்வர் ஒன்று. முனை மழுங்காமல் இருக்க வேண்டும். ஸ்பிரிட் விளக்கு, ஹனாவ் டார்ச். தூரிகையின் பாதி முடியைக் கத்தரித்த பழைய டூத் பிரஷ். பஞ்சு, கிழிந்த நைலான் காலுறைத் துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். ஒரு சிறு கைக்கண்ணாடியும் வேண்டும், உங்கள் வாயைப் பார்க்க.

மாடலிங் வாக்ஸ் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை உண்டு. ஏசி இல்லாத லேபில், சித்திரை வைகாசி வெயிலில், மென்மையான வாக்ஸை எடுத்து ஈறு செதுக்குவது வெண்ணெயில் கோலம் போடுவது மாதிரி. கடின வகை வெப்ப நாடுகளுக்கென்றே வருவது. கொஞ்சம் அதிகம் சூடாக்க வேண்டும், செதுக்கும்போது லேசாகச் செதிள் விடும். ஆனாலும் நம் ஊர்க் கோடைக்கு அதுதான்.

முதலில் பாதுகாப்பு

1. வெளிச்சமான அறையில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து விளக்கில் ஸ்பிரிட் ஊற்றியவர்களின் புருவத்தை நான் பார்த்திருக்கிறேன். மூடியால் மூடி அணையுங்கள், ஆறவிடுங்கள், பிறகு ஊற்றுங்கள்.

2. அக்ரிலிக் லிக்விட் பாட்டில் இருக்கும் மேசையில் விளக்கு எரியக்கூடாது. அந்த ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. பேக்கிங் மேசை ஒரு மூலையில் என்றால் வாக்ஸ் மேசை எதிர் மூலையில்.

3. உருகிய மெழுகு கையில் சொட்டினால் உரித்தெடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். கையை உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் நீட்டுங்கள். மெழுகு தானாகக் கெட்டியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. ட்ரையல் நோயாளியின் வாய்க்குள் போய் வந்தது என்பதை மறக்க வேண்டாம். கையுறையோடு வாங்கி, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, கிருமிநாசினியில் அதன் புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை வைத்தெடுங்கள். சுடுதண்ணீர் கூடாது; சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒருமுறை என் லேபிலேயே நடந்தது.

தொடங்குமுன் சரிபார்ப்பு

ட்ரையல் பேஸை மாடலில் உட்கார வைத்து ஆர்ட்டிகுலேட்டரை மூடுங்கள். ஆர்ட்டிகுலேட்டரின் பின் (pin) அதன் மேசையைத் தொடுகிறதா? இரண்டு பக்க மோலார்களும் ஒரே நேரத்தில் சேருகின்றனவா? டாக்டர் வாயில் ஏதாவது பல்லை நகர்த்தியிருந்தால் குறிப்புச் சீட்டில் எழுதியிருப்பார், எழுதாமலும் இருப்பார். கடி இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் பின்னால் கெட்டால் எங்கே கெட்டது என்று தெரியும்.

பிறகு பேஸின் பார்டர் மாடலின் பள்ளத்தில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால், பார்டரைச் சுற்றிலும் மெழுகு உருக்கி மாடலோடு ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் செதுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பேஸ் மயிரிழை நகரும்.

கண்ணாடியில் ஐந்து நிமிடம்

கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போங்கள். உதட்டைத் தூக்குங்கள். முப்பது வயதுக்கு உட்பட்ட, ஈறு வீக்கமில்லாத வாய் என்றால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் லேபில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

மேல் வரிசையில் நடு முன்பல் இரண்டையும் லேபில் சென்ட்ரல் என்போம், அதற்கடுத்தது லேட்டரல், அதற்கடுத்தது கேனைன். சென்ட்ரலின் ஈறு விளிம்பு ஒரு வளைவு. அந்த வளைவின் உச்சி பல்லின் சரிநடுவில் இல்லை. நடுக்கோட்டிலிருந்து சற்றே லேட்டரல் பக்கமாகத் தள்ளியிருக்கிறது. கேனைனிலும் அப்படியே, உச்சி பின்பக்கம் சாய்ந்திருக்கும். லேட்டரலில் மட்டும் உச்சி கிட்டத்தட்ட நடுவில். இன்னொன்று: சென்ட்ரல், கேனைன் இரண்டின் விளிம்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க, லேட்டரலின் விளிம்பு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பல் நுனியை நோக்கித் தாழ்ந்திருக்கும். உயரம், தாழ்வு, உயரம். இந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே கோட்டில் வெட்டினால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது பல்செட்தான்.

இந்த வேலைக்குப் பழைய பெயர் ஃபெஸ்டூனிங். ஃபெஸ்டூன் என்றால் தோரணம். வாசலில் தொங்கும் தோரணம் ஒரே அளவாகத் தொங்கினாலும் அழகுதான். ஈறு அப்படித் தொங்காது.

இப்போது பற்களுக்கு நடுவே பாருங்கள். இரண்டு பல்லுக்கும் இடையே கூம்பாக இறங்கும் ஈறு முனை, லேபில் பாப்பிலா. அது உள்ளே குழிந்திருக்கிறதா, வெளியே பொம்மியிருக்கிறதா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொம்மல்தான். இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயத்திலேயே அதிகம் தப்பாகும் இடம் இதுதான்.

மெழுகு ஏற்றுதல்

1. மாடலிங் வாக்ஸ் தகடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். உதட்டுப் பக்கத்துக்கு ஏற்ற அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, சுடரின் மேல் இரு பக்கமும் காட்டி மெத்தென்று ஆக்குங்கள். உருக வேண்டாம், வளைந்தால் போதும்.

2. பார்டரிலிருந்து பல்லின் கழுத்தைத் தாண்டி, பல் உயரத்தில் கால் பாகம் மூடுமளவுக்கு அழுத்தி ஒட்டுங்கள். செதுக்குவது எடுக்கும் வேலை. எடுக்க மெழுகு இருந்தால்தான் எடுக்க முடியும்.

3. சூடான நைஃபைப் பற்களின் இடுக்குகளில் இறக்கி மெழுகை அடிவரை உருக்கிச் சேருங்கள். மேலே மூடி உள்ளே வெற்றிடமாக விட்டால், செதுக்கும்போது திடீரென்று ஓட்டை தெரியும்.

4. ஒரு பக்கம் கொஞ்சம், ஆறட்டும், மறுபக்கம் கொஞ்சம். இடம் வலம் மாறி மாறி.

நான்காவது படி ஏன் என்று கேட்பீர்கள். உருகிய மெழுகு ஆறும்போது சுருங்கும், பல் பொருட்களில் மெழுகளவுக்குச் சுருங்கி விரிவது வேறொன்று இல்லை என்று சொல்லலாம். ஒரே பக்கம் நிறைய ஊற்றினால் ஆறும்போது அது பல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆர்ட்டிகுலேட்டரை மூடும்போது பின் மேசையைத் தொடாமல் நிற்கும், அப்போது தெரியும்.

*குறிப்பு:* ஒவ்வொரு முறை மெழுகு சேர்த்து ஆறியதும் ஒருமுறை மூடிப் பாருங்கள். பத்து நொடி வேலை. சீக்கிரம் ஆற வேண்டுமென்று ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். மேல்தோல் இறுகி உள்ளே சூடாக இருக்கும், பிறகு மெல்ல முறுக்கிக்கொள்ளும்.

ஈறு விளிம்பு வெட்டுதல்

லெக்ரானைப் பேனா பிடிப்பதுபோல் பிடியுங்கள். மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றாத கை வழுக்கும். கத்தி எப்போதும் மாடலைப் பிடித்த கைக்கு எதிர்த்திசையில் நகரட்டும்.

முனையைப் பல்லின் மேல் வைத்து, பல் பரப்புக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில், பாப்பிலா முனையிலிருந்து தொடங்கி உச்சிவரை ஒரே இழுப்பில் போங்கள். பிறகு எதிர் பாப்பிலாவிலிருந்து உச்சிக்கு. இரண்டு இழுப்பும் உச்சியில் சந்திக்கும். கத்தியைப் பல்லோடு ஒட்டிப் படுக்க வைத்து வெட்டினால் விளிம்பு காகிதம்போல் மெலிந்து முடியும். அக்ரிலிக் ஆனதும் அந்த மெல்லிய ஓரம் பாலிஷில் உடையும், அல்லது அதற்கடியில் கறை பிடிக்கும். சாய்த்து வெட்டினால் விளிம்புக்கு ஒரு சிறு கனம் கிடைக்கும். உண்மையான ஈறின் ஓரமும் அப்படித்தான், ஒரு சிறு உருளை பல்லைத் தழுவி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

எவ்வளவு பல் தெரிய வேண்டும்? இது வயதைப் பொறுத்தது. இளம் வயதுக்காரருக்கு விளிம்பு பல்லின் கழுத்திலேயே, பாப்பிலா நீண்டு கூர்மையாக. அறுபது எழுபது வயதென்றால் விளிம்பு கழுத்தைத் தாண்டி மேலேறியிருக்கும், பாப்பிலா குட்டையாக மழுங்கியிருக்கும். 1950களில் அமெரிக்காவில் ஃப்ரஷ், ஃபிஷர் என்ற இரு பல் மருத்துவர்கள் வயது, பால், ஆளுமை பார்த்துப் பல்செட் செய்ய வேண்டும் என்று விடாமல் எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் பால், ஆளுமை பற்றிய பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. வயதைப் பற்றிச் சொன்னது சரி. எழுபது வயதுப் பாட்டிக்குப் பதினெட்டு வயது ஈறு வைத்தால் வாய் மட்டும் தனியாக இளமையாகத் தெரியும்.

கீழ் வரிசையில் சிக்கல் குறைவு. நான்கு முன்பற்களும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், கேனைனின் விளிம்பு மட்டும் அவற்றைவிட பார்டரை நோக்கி இறங்கியிருக்கும்.

வெட்டிய பிறகு பல்லின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறதா என்று சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் லெக்ரானின் பக்கவாட்டால் சுரண்டி, பஞ்சால் துடைத்துவிடுங்கள். பல் மேல் மெழுகு இருந்தால் ஃபிளாஸ்கில் பிளாஸ்டர் பல்லைப் பிடிக்காது, மெழுகைப் பிடிக்கும். டீவாக்சிங்கில் மெழுகு போய்விட, பல் ஆடும் இடம் உண்டாகும்.

பாப்பிலா

புதியவர்கள் செய்யும் பாப்பிலா பெரும்பாலும் இரண்டு பல்லுக்கும் இடையே சுரண்டி எடுத்த ஒரு பள்ளமாக இருக்கும். பார்க்க விளிம்பு தெளிவாகத் தெரிகிறது என்று அவர்களுக்குத் திருப்தி. நோயாளிக்கோ அந்தப் பள்ளத்தில் சோறு நிற்கும்.

என் ஆரம்ப வருடங்களில் ஒரு கேஸ் திரும்பி வந்தது. வாயில் பொருந்தியது, கடி சரி, வலியில்லை. அந்த அம்மா டாக்டரிடம் சொன்னது ஒன்றுதான்: "சாப்பிட்டு முடிச்சதும் கீரை பல்லு நடுவுல மாட்டிட்டு நிக்குது, நாலு பேரு முன்னாடி சிரிக்க முடியல." செட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு முன்பற்களுக்கு இடையே ஐந்து குழி, ஐந்திலும் கறை. அக்ரிலிக்கில் குழியை மூட வழியில்லை, மேலே சேர்த்தால் கோடு தெரியும். திரும்பச் செய்தோம்.

செய்யும் முறை:

1. விளிம்புகளை வெட்டியதும் இரண்டு விளிம்புக்கும் இடையில் எஞ்சியிருக்கும் மெழுகைத் தொடாதீர்கள். அதுதான் உங்கள் பாப்பிலா.

2. அதன் நுனி பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிக்குச் சற்று முன்பாக நிற்கட்டும். இளையவருக்கு நெருங்கி, முதியவருக்கு விலகி.

3. லெக்ரானின் மழுங்கிய பக்கத்தால் இரு ஓரங்களை மட்டும் லேசாக உருட்டுங்கள். நடு முதுகு உயர்ந்திருக்க வேண்டும், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும்.

4. நடு முதுகு குறைந்துவிட்டால் சுரண்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். சிறு நைஃபின் முனையில் ஒரு சொட்டு மெழுகு எடுத்து வைத்து, ஆறவிட்டு, மறுபடி உருட்டுங்கள்.

விரல் நுனியால் ஒரு பாப்பிலாவின் மேல் தடவிப் பாருங்கள். கடலை மணிமேல் விரல் போவதுபோல் ஏறி இறங்க வேண்டும். இடறி விழுந்தால் குழி.

வேர் மேடுகள்

உதட்டுப் பக்கம் ஈறுக்கு மேலே வழவழவென்று ஒரே சுவராக விட்டால் அது சுவர்தான். பல்லின் வேர் எலும்புக்குள் இருக்கும் இடங்களில் லேசாக மேடு தெரியும்.

ஒவ்வொரு பல்லின் நடு அச்சின் வழியே, பல் சாய்ந்திருக்கும் அதே சாய்வில் லெக்ரான் முனையால் மெல்லிய கோடு போடுங்கள். மேல் வரிசையில் கேனைன் கோடு மிக நீளம், சென்ட்ரல் நடுத்தரம், லேட்டரல் மிகக் குட்டை. கீழ் வரிசையிலும் கேனைன்தான் நீளம். இப்போது கோடுகளுக்கு இடையே உள்ள மெழுகை வாக்ஸ் நைஃபின் வளைவால், பாப்பிலாவுக்கு மேலே தொடங்கி, ஆங்கில வி எழுத்துபோல் ஆழமில்லாமல் சுரண்டுங்கள். மேடு எழுப்புவதற்கு மெழுகு சேர்க்க வேண்டாம். இடைவெளியைக் குறைத்தால் மேடு தானாக எழும்.

அளவு முக்கியம். கேனைன் மேடு தெரிய வேண்டும். சென்ட்ரல் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தில் இருக்க வேண்டும். லேட்டரல் இருக்கும் இடம் சற்றுப் பள்ளமாகத் தோன்ற வேண்டும். ஆறு பல்லுக்கும் ஆறு சமமான வரிகள் போட்டால் துணி துவைக்கும் பலகைபோல் ஆகிவிடும். பயிற்சி முடித்து வரும் பையன்களிடம் நான் காணும் முதல் குறை இந்தப் பலகைதான்.

பார்டருக்கு 3 மில்லிமீட்டர் முன்பே மேடுகள் மறைந்துவிட வேண்டும். உதடு உரசும் இடம் மழமழவென்றுதான் இருக்க வேண்டும்.

கன்னம், நாக்கு, உதடு தங்கும் இடங்கள்

பல்செட்டுக்கு மூன்று பரப்புகள் உண்டு: ஈறில் படியும் பரப்பு, கடிக்கும் பரப்பு, பாலிஷ் செய்யும் பரப்பு. மூன்றாவதும் செட்டைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை 1930களிலேயே இங்கிலாந்தின் வில்ஃப்ரட் ஃபிஷ் வலியுறுத்தினார். கன்னமும் நாக்கும் செட்டைத் தள்ளுமா, அழுத்திப் பிடிக்குமா என்பது நீங்கள் மெழுகில் விடும் சாய்வில் இருக்கிறது.

கீழ் செட்டின் நாக்குப் பக்கம்தான் ஆபத்தான இடம். பல்லுக்குக் கீழே சற்றுக் குழிவாக இறங்கி, நாக்கு மேலே வந்து படுத்துக்கொள்ள இடம் விட வேண்டும். ஆனால் மோலார் பல்லின் உள்முனைக்கு அடியில் குடைந்துவிடக் கூடாது. குடைந்தால் நாக்கு அந்தப் பல்லுக்கு அடியில் நுழைந்து, ஒவ்வொரு முறை பேசும்போதும் செட்டை நெம்பித் தூக்கும். நோயாளி "லூசா இருக்கு" என்று திரும்ப வருவார். டாக்டர் ரீலைன் செய்வார். ஆறு மாதம் கழித்தும் லூசாகவே இருக்கும்.

கீழ் செட்டின் வெளிப்பக்கம், பிரிமோலார் இருக்கும் இடத்தில் வாய்மூலையின் தசைகள் வந்து கூடும். அங்கே மெழுகு தடித்திருந்தால் வாய் திறக்கும்போதெல்லாம் செட் எழும்பும். கொஞ்சம் மெலிதாக, லேசான குழிவோடு விடுங்கள். மேல் செட்டின் கன்னப் பக்கம் லேசான பொம்மல் போதும்.

பார்டரின் அகலத்தில் கை வைக்காதீர்கள். டாக்டர் இம்ப்ரஷனில் பதிவு செய்தது எவ்வளவோ, அதுவே. அழகுக்காக மெலித்தால் காற்று புகுந்து பிடிப்பு போகும். மேல் உதட்டுப் பக்கம் மட்டும் டாக்டர் வேறு சொன்னால் உண்டு. அங்கே தடிப்பு கூடினால் நோயாளியின் உதடு குரங்கு மாதிரி முன்தள்ளும். நடுவிலும் பக்கங்களிலும் இருக்கும் ஃப்ரீனம் வெட்டுகள் மெழுகில் மூடிப்போயிருந்தால் திறந்துவிடுங்கள்.

அண்ணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பேஸ் தடித்திருந்தால் அண்ணப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மாடலின் மேல் ஒரு தகடு வாக்ஸ் சீராகப் பரப்பி ஒட்டுங்கள். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் போதும். முன்பற்களின் உள்பக்கம் மட்டும் கவனம்: பல்லிலிருந்து அண்ணத்துக்கு இறங்கும் சரிவு, எஸ் எழுத்தின் வளைவுபோல் மெல்ல இறங்க வேண்டும். அங்கே மெழுகு கட்டியாக நின்றால் நோயாளிக்கு 'ஸ' வராது, சீறும்.

முன் அண்ணத்து வரிகளை மெழுகில் எழுப்ப வேண்டுமா என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. சிலருக்குப் பேச உதவுகிறது என்று டாக்டர் கேட்டால் செய்கிறேன்.

ஸ்டிப்ளிங், போடலாமா வேண்டாமா

ஆரோக்கியமான ஈறின் ஒட்டிய பகுதியில் ஆரஞ்சுத் தோல்போல் சிறு புள்ளிகள் தெரியும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் ஈறு கண்ணாடிபோல் பளபளக்காது. மெழுகில் இதைக் கொண்டுவர, முடி கத்தரித்த பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லக் குத்துங்கள். ஒரே சீராகக் குத்தாதீர்கள். ஈறு விளிம்பின் ஓரத்திலும் பார்டர் அருகிலும் புள்ளி வேண்டாம். இயற்கையிலும் அங்கே இல்லை.

குத்தியபின் கூர் நுனிகள் மழுங்க டார்ச் சுடரை ஒருமுறை ஓட்டுங்கள்.

என் கருத்து: உதடு தூக்கிச் சிரிப்பவர்களுக்கு, செட்டைத் தினமும் கழுவுபவர்களுக்கு மட்டும் போடுங்கள். வயதானவர்களுக்கு அந்தப் புள்ளிகள் இயல்பாகவே மங்கியிருக்கும். வெற்றிலை போடுபவருக்கு ஸ்டிப்ளிங் செய்து கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிவப்பு உட்காரும்.

தீ காட்டி மெருகேற்றுதல்

ஹனாவ் டார்ச்சின் சுடரை ஊசிபோல் மெலிதாக்கி, மெழுகின் மேல் படாமல் பக்கவாட்டில் உரசிப்போகும்படி வேகமாக ஓட்டுங்கள். எந்த இடத்திலும் சுடர் நிற்கக்கூடாது. மேல்தோல் மட்டும் கண்ணீர்போல் மினுங்கியதும் எடுத்துவிடுங்கள். அரை நொடி கூடினால் நீங்கள் ஒரு மணி நேரம் செதுக்கிய பாப்பிலா உருகி பல்லின் மேல் ஓடும். அக்ரிலிக் பல்லின் மேலேயே சுடர் காட்டினால் பல்லும் வெந்து வெளுக்கும்.

ஆறியதும், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் ஈரப் பஞ்சால் மெல்லத் தேயுங்கள், பிறகு நைலான் துண்டால். அழுத்தக் கூடாது. நைலான் துண்டை விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள்.

மெழுகில் எவ்வளவு வழவழப்போ, அவ்வளவு வழவழப்பாகத்தான் அக்ரிலிக் வெளியே வரும். மெழுகில் ஐந்து நிமிடம் சோம்பல் பட்டால் அக்ரிலிக்கில் அரை மணி நேரம் பர்ரும் தூசியுமாகப் போகும். அதிலும் பர் பாப்பிலாவுக்குள் நுழைந்தால், செதுக்கிய ஈறு போய் மறுபடி மைதா மாவுதான்.

ஃபிளாஸ்கிற்கு அனுப்புமுன்

ஒரு மே மாதம், சனிக்கிழமை மாலை முடித்த வாக்ஸ்-அப்பை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து மூடினால் பின் மேசையிலிருந்து 2 மில்லிமீட்டர் மேலே நின்றது. மெழுகுக்குள் அடங்கியிருந்த இழுவிசை வெயிலில் தளர்ந்து பற்களை நகர்த்திவிட்டது. முடித்த வாக்ஸ்-அப்பை அன்றே ஃபிளாஸ்க் செய்யுங்கள். முடியாவிட்டால் மாடலோடு சாதாரணத் தண்ணீரில், நிழலில் வையுங்கள், காலையில் கடி பாருங்கள்.

கடைசியாகப் பாருங்கள்:

1. பின் தொடுகிறதா, இரு பக்கக் கடியும் சமமா.

2. பார்டர் முழுக்க மாடலோடு மெழுகால் அடைபட்டிருக்கிறதா.

3. பற்களின் மேல் மெழுகுப் படலம் இல்லையே.

4. பல் கழுத்துகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஊதிவிட்டீர்களா. பிறகு பிளாஸ்டரின் முதல் பூச்சைத் தூரிகையால் ஒவ்வொரு பாப்பிலாவிலும் குத்திக்குத்தித் தடவுங்கள். அங்கே ஒரு காற்றுக் குமிழ் சிக்கினால், அது அக்ரிலிக்கில் ஒரு சிறு மணியாக வெளிவரும். அதை எடுக்கப் பர் போனால் விளிம்பும் போகும்.

டீவாக்சிங்கைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் சொல்கிறேன். இங்கே ஒன்று மட்டும்: கொதிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு மேல் ஃபிளாஸ்கை ஊறவிடாதீர்கள். மெழுகு முழுதும் உருகிப் பிளாஸ்டருக்குள் இறங்கிவிடும், பல்லின் அடியில் படலமாக ஒட்டும். பிறகு அக்ரிலிக் பல்லைப் பிடிக்காது. "முறுக்கு கடிச்சேன், பல்லு கையில வந்துருச்சு" என்று ஃபோன் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கை பழக

பழைய மாடல் ஒன்றும், நிறம் பொருந்தாமல் மிஞ்சிய முன்பற்கள் ஆறும் எடுத்து ஒரு செட் அடுக்கி வையுங்கள். முழு வாய் வேண்டாம். அந்த ஆறு பல்லுக்கு மட்டும், வேலை முடிந்த பிறகு தினம் அரை மணி நேரம், மெழுகு ஏற்றி விளிம்பும் பாப்பிலாவும் செதுக்குங்கள். மேடு, ஸ்டிப்ளிங் எதுவும் வேண்டாம். முடித்ததும் போனில் படமெடுத்துத் தேதி போட்டுச் சேமித்து, மெழுகைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். மறுநாள் மறுபடி.

பத்தாம் நாள் முதல் நாள் படத்தைத் திறந்து பாருங்கள். அதைப் பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் வேர் மேடுகளுக்குப் போகலாம். வராவிட்டால் இன்னும் பத்து நாள், அதே ஆறு பல்.